கிருமி இங்கே, ஆய்வகம் எங்கே? மருந்து எதிர்ப்பு ஆராய்ச்சியில் நாடுகளுக்கிடையிலான கூட்டு

மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பற்றி ஆராயப் பணக்கார நாட்டு நிறுவனமும் இந்தியா போன்ற நாட்டின் நிறுவனமும் கைகோக்கும்போது எது நியாயமான கூட்டு? நோயாளி ஓர் ஊரில், ஆய்வகம் இன்னோர் ஊரில், பணம் வேறொரு கண்டத்தில் என்று அமைந்த நாளிலிருந்தே இந்தக் கேள்வி இருந்துவருகிறது. முதலில் மிஷனரி மருத்துவர்கள் பதில் சொன்னார்கள். பிறகு உலகச் சுகாதார நிறுவனம், அரசுகள், நெறிமுறை வல்லுநர்கள், நிதி வழங்கும் அறக்கட்டளைகள் என்று ஒவ்வொரு தரப்பும் தன் பதிலை வைத்தது. ஒரு பதில் மற்றொன்றை முழுவதுமாக அகற்றிவிடவில்லை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

அந்தப் படிவுகளைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை மையமாக வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் இத்தகைய கூட்டாய்வின் மிகப் பழைய தடங்களில் ஒன்று இருக்கிறது. இன்றைய மருந்து எதிர்ப்புச் சிக்கலின் எல்லாக் கூறுகளும் இங்கே அருகருகே கிடக்கின்றன. நாள்தோறும் 60,000-க்கும் மேற்பட்டோர் வந்துபோகும் திருமலை, கறவை மாடும் கோழிப் பண்ணையும் நிறைந்த கிராமங்கள், 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1960-இல் வந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி, 1993 முதல் இயங்கும் ஸ்விம்ஸ் உயர் சிகிச்சை மருத்துவமனை, எல்லைக்கு அப்பால் வேலூர் சி.எம்.சி. இவ்வளவும் இருந்தும், மருந்து எதிர்ப்பைப் பற்றிய பன்னாட்டு விவாதங்களில் இந்த ஊர்களின் பெயரை அரிதாகவே கேட்க முடிகிறது.

மதனபள்ளியில் தொடங்கிய வழி

அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மதனபள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-இல் ஒரு காசநோய் சானடோரியம் திறக்கப்பட்டது. பல மிஷன் அமைப்புகள் சேர்ந்து நடத்திய அந்த நிறுவனத்தை உருவாக்கியவர் டேனிஷ் மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவற்றைத் தரவும் தென்னிந்திய மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் இங்கே முடிந்தது.

அவர் மகன் ஜோஹன்னஸ் காலத்தில் இது ஆராய்ச்சிக் களமாக வளர்ந்தது. இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கம் 1948 ஆகஸ்டில் மதனபள்ளியில்தான் தொடங்கியது. 1950-இலிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று காசநோயின் பரவலை அளந்தார்கள். 1950 முதல் 1955 வரையிலான அந்த ஆய்வின் முடிவுகள் 1960-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தன. நகரத்து மருத்துவமனைக்கு வந்து சேரும் நோயாளியை மட்டும் பார்த்து எழுதுவதே வழக்கமாக இருந்தபோது, கிராமத்தை முழுமையாகக் கணக்கெடுத்தது பெரிய காரியம்.

எதிர்ப்பும் கூடவே எழுந்தது. சென்னையில் ஏ. வி. ராமன் 1940-களின் இறுதியிலேயே பி.சி.ஜி.க்கு எதிராக எழுதத் தொடங்கினார். 1955-இல் ராஜாஜி தம் எதிர்ப்பை வெளியிட்டார். அவர்களுடைய மருத்துவ வாதங்கள் எல்லாம் நிலைக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று இன்றும் செல்லும்: வெளியிலிருந்து பணமும் திட்டமும் வரும்போது, ஊசி போட்டுக்கொள்பவரிடம் யார் விளக்குகிறார்கள், யார் பொறுப்பேற்கிறார்கள்? இந்தியக் காசநோய்க் கட்டுப்பாட்டின் வரலாற்றை எழுதிய நீல்ஸ் பிரிம்னஸ் போன்றோர் இந்த எதிர்ப்பை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல், புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் அரசியலோடு சேர்த்தே வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது.

காசநோயின் கதை மருந்து எதிர்ப்பின் கதையும்தான். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1948-இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையிலேயே, தனியாகக் கொடுக்கப்பட்ட மருந்துக்குக் கிருமிகள் சில மாதங்களில் பழகிவிடுவது தெரிந்தது. ஒரே மருந்து போதாது, சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து வந்தது. ஏழை நோயாளி அந்தச் சேர்க்கையை ஒரு வருடம் விடாமல் சாப்பிட முடியுமா என்பதை அறிய உலகம் சென்னைக்கு வந்தது.

சென்னை, 1956: இன்னும் விவாதிக்கப்படும் முன்மாதிரி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலேயும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற இரு மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். நெரிசலான குடியிருப்பில், போதிய உணவில்லாத வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக்கு நகர்த்தியது. ஆரோக்கியவரம் போன்ற சானடோரியங்களின் தேவையையே அது கேள்விக்குள்ளாக்கியது. அடுத்த ஆண்டே அதே மையம் ஐசோனியாசிட்டை மட்டும் கொடுப்பதையும் இரு மருந்துச் சேர்க்கையையும் ஒப்பிட்டு, சேர்க்கையே மேல் என்று காட்டியது.

இதை நியாயமான கூட்டின் உச்சம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சுட்டுவது மூன்று விஷயங்களை. கேள்வி இந்தியாவுடையது, ஏனென்றால் சானடோரியப் படுக்கைகள் நோயாளிகளின் எண்ணிக்கைக்குக் கிட்டேகூட வரவில்லை. ஆய்வகம் இங்கேயே கட்டப்பட்டது. வெளிநாட்டு நிபுணர்கள் படிப்படியாக விலகி, நிறுவனம் இந்தியத் தலைமைக்கு வந்தது. இன்று அது சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

ஹெலன் வாலியர், சுனில் அம்ரித் உள்ளிட்ட வரலாற்றாய்வாளர்கள் இதே நிகழ்வை வேறு கோணத்தில் பார்த்தார்கள். காலனி ஆட்சி முடிந்து பத்தாண்டுகூட ஆகாத நேரத்தில் பிரிட்டிஷ் ஆராய்ச்சி முறை சென்னையின் ஏழைகள் வழியாகத் தன் வீச்சைப் பெருக்கிக்கொண்டது என்பதையும், நோயின் வேரான வறுமையை ஒதுக்கிவைத்து மாத்திரையை மட்டும் முன்னிறுத்தும் போக்கு அங்கே வலுப்பெற்றது என்பதையும் கவனிக்கச் சொல்கிறது இந்த வகை விமர்சனம். இரண்டு வாசிப்பும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஆனால் எடை போட்டால், ஆய்வகம் இங்கே நிலைத்தது என்ற ஒன்று மற்றவற்றைவிடக் கனமானது என்றே கருதத் தோன்றுகிறது. பின்னால் வந்த பல கூட்டுகளில் அதுதான் இல்லாமல் போனது.

பட்டான்செருவும் என்.டி.எம்.-1-உம்

2007-இல் ஸ்வீடனின் ஜோகிம் லார்சன் குழு, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் பட்டான்செருவில் சுமார் 90 மருந்து உற்பத்தி ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அதில் இருந்தது. மருந்துக் கழிவுக்கும் மருந்து எதிர்ப்புக்கும் உள்ள தொடர்பை உலகம் பேசத் தொடங்கியதற்கு அந்தக் கட்டுரை பெரிய காரணம். அதன் ஆசிரியர் வரிசையில் ஸ்வீடன் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே இருந்தார்கள். அந்த நீரோடு வாழ்ந்த கிராமங்கள் பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் போராடிவந்தவை. அவற்றின் புகாருக்குக் கிடைக்காத கவனம் ஒரு வெளிநாட்டு அளவீட்டுக்குக் கிடைத்தது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த புயல் இன்னும் பெரியது. 2009-இல், டெல்லிக்கு வந்துபோன ஸ்வீடன் நோயாளி ஒருவரின் கிருமியில் கண்டறிந்த, ஆன்டிபயாடிக்கைச் செயலிழக்கச் செய்யும் நொதிக்கு நியூ டெல்லியின் பெயர் வைக்கப்பட்டது. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரை, சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 கிருமி மாதிரிகளில் அந்த என்.டி.எம்.-1 இருப்பதாகச் சொன்னது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் கார்த்திகேயன் குமாரசாமி. கூட்டின் தலைமையில் பிரிட்டனின் டிமதி வால்ஷ் இருந்தார். இந்திய மருத்துவமனைகளுக்கு அறுவைச் சிகிச்சைக்கு வருவது பற்றிய எச்சரிக்கையும் கட்டுரையில் இடம்பெற்றிருந்தது. நாடாளுமன்றத்தில் கொதிப்பு எழுந்தது. கட்டுரையில் தம் ஒப்புதல் இல்லாமல் சில விளக்கங்கள் சேர்க்கப்பட்டன என்று குமாரசாமி ஊடகங்களிடம் கூறியதாகச் செய்திகள் வந்தன. ஊர்ப் பெயரை வைத்ததற்காக லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்டன் 2011 ஜனவரியில் வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டில் வால்ஷ் குழு டெல்லியின் தேங்குநீர் மாதிரிகள் 171-இல் 51-லும், குழாய்நீர் மாதிரிகள் 50-இல் இரண்டிலும் அந்த மரபணுவைக் கண்டதாக வெளியிட்டபோது, மாதிரிகள் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போயின என்பதே பதிலாக முன்வைக்கப்பட்டது.

இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. மும்பை ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் இதே கிருமியைப் பற்றி 2010 மார்ச்சிலேயே இந்திய மருத்துவர் சங்க இதழில் எழுதிவிட்டார்கள். அதே இதழில் சென்னையின் டாக்டர் அப்துல் கஃபூர் ஆன்டிபயாடிக் காலத்தின் முடிவைப் பற்றித் தலையங்கமே எழுதினார். அரசு அசையவில்லை. லான்செட் பெயரோடு வந்தபோது மட்டும் அது தேசியப் பிரச்சினை ஆனது. அநியாயத்தின் ஒரு பகுதி வெளியிலிருந்து வந்தது. உள்ளூர் அறிவை நாமே மதிக்காததிலிருந்து இன்னொரு பகுதி வந்தது. கஃபூர் உள்ளிட்டோர் 2012-இல் மருத்துவச் சங்கங்களைக் கூட்டி உருவாக்கிய சென்னைப் பிரகடனம், வெளிநாட்டவர்மேல் கோபப்படுவதோடு நிற்காமல், ஆன்டிபயாடிக் விற்பனையை ஒழுங்குபடுத்துவது பற்றிப் பேசியது. 2017-இன் தேசியச் செயல்திட்டம் வரை நீளும் பாதையில் அது முக்கியமான கட்டம்.

விதிகளை நம்புவோர்

இன்று களத்திலுள்ள நிலைப்பாடுகளில் அதிகம் எழுதப்பட்டது நெறிமுறைவாதம். 1990-இல் வளர்ச்சிக்கான சுகாதார ஆராய்ச்சி ஆணையம், உலகின் ஆராய்ச்சிப் பணத்தில் மிகச் சிறு பங்கே ஏழை நாடுகளின் நோய்களுக்குப் போகிறது என்று காட்டியதிலிருந்து இதன் வேகம் தொடங்குகிறது. 1998-இல் ஸ்விட்சர்லாந்தின் கூட்டாய்வு ஆணையம் 11 கொள்கைகளை வகுத்தது. 2017-இல் தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் தங்களை ஆராய வருவோருக்குத் தாங்களே ஒரு நெறிமுறையை எழுதினார்கள். அதையொட்டி 2018-இல் உலகளாவிய நடத்தைநெறி ஒன்றும், 2022-இல் கேப் டவுன் அறிக்கையும் வந்தன. கேள்வியைச் சேர்ந்து வகுப்பது, பணத்தை வெளிப்படையாகப் பகிர்வது, ஆசிரியர் வரிசையில் உரிய இடம் தருவது, முடிவுகளை மக்களிடம் திரும்பச் சொல்வது என்பவை இவற்றின் சாரம்.

இவை பேசுவதற்கு ஒரு மொழியைக் கொடுத்தன. அதற்கு முன் முணுமுணுப்பாக மட்டும் இருந்த குறைகளை ஒப்பந்தத்தில் எழுதச் செய்தன. ஆனால் எவரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் இவற்றுக்கு இல்லை. எண்ணக்கூடியவற்றை மட்டும் சரிசெய்துவிட்டு நிம்மதி அடையும் ஆபத்தும் உண்டு. ஆசிரியர் வரிசையில் இந்தியப் பெயர் முதலில் வந்துவிட்டால் நியாயம் வந்துவிட்டது என்று கொள்ள முடியாது என்பதற்கு 2010-இன் கட்டுரையே சான்று. நைஜீரியரான சேயே அபிம்போலா 2019-இல் எழுப்பிய கேள்வி இன்னும் ஆழமானது: எழுதுபவர் உள்ளூர்க்காரராகவே இருந்தாலும், அவர் யார் படிப்பதற்காக எழுதுகிறார்?

எல்லையில் காவல் வைப்போர்

இன்னொரு தரப்பு இறையாண்மையை முன்வைக்கிறது. 2007 வாக்கில் இந்தோனேசிய அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி, தன் நாட்டுப் பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளைப் பகிர மறுத்தார். மாதிரி போகிறது, அதிலிருந்து வரும் தடுப்பூசி எங்களுக்கு எட்டாத விலையில் திரும்பி வருகிறது என்பது அவர் வாதம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2011 பெருந்தொற்றுக் காய்ச்சல் ஏற்பாடு அந்த மறுப்பிலிருந்து பிறந்தது. உயிர்வளங்களின் பயனைப் பகிர்வது பற்றி 2010-இல் ஏற்கப்பட்ட நகோயா உடன்படிக்கையும் அதே உணர்வைக் கொண்டது.

இந்தியாவில் இதற்கு அடர்த்தியான சட்ட வலை இருக்கிறது. வெளிநாட்டுக் கூட்டுள்ள மருத்துவ ஆராய்ச்சிக்குச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதி வேண்டும். 2002-இன் உயிரியல் பன்முகச் சட்டம் நுண்ணுயிரிகளையும் உயிர்வளமாகக் கொள்கிறது. மனித மரபுப்பொருளை விலக்குகிறது. எனவே ஒரு நோயாளியின் இரத்தம் ஒரு விதியின் கீழும், அதிலிருந்து வளர்த்தெடுத்த கிருமி வேறு சட்டத்தின் கீழும் வரக்கூடும்.

இந்தக் காவலுக்கு நியாயம் உண்டு. ஆனால் காவல் நிற்கும் இடம் மாறிவிட்டது. கிருமியைப் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டிய தேவை குறைந்து, அதன் மரபணு வரிசை கணினிக் கோப்பாக நொடியில் எல்லை தாண்டுகிறது. கோப்பின் பயனை எப்படிப் பகிர்வது என்று உயிரியல் பன்முக ஒப்பந்த நாடுகள் ஒரு நிதியத்தைத் தொடங்கும் அளவுக்கு வந்திருக்கின்றன. கட்டாயப்படுத்தும் ஏற்பாடு இன்னும் இல்லை. தவிர, மாதிரி வெளியே போகவில்லை என்பதால் அது உள்ளே ஆராயப்படும் என்ற உறுதியும் இல்லை. அனுமதி தாமதமானால் இழப்பு பெரும்பாலும் மாவட்ட அளவிலுள்ள சிறிய குழுவுக்கே, ஏனெனில் டெல்லிக்குக் கோப்பைத் துரத்திப்போக அதற்கு ஆள் இருக்காது.

ஆய்வகத்தைக் கொண்டுவா என்போர்

திறன் வளர்ப்பை நம்பும் தரப்பு, சென்னை 1956-இன் வாரிசு. பிரிட்டனின் தேசியச் சுகாதார ஆராய்ச்சி நிதியில் இயங்கிய மரபணுக் கண்காணிப்பு அலகு இதற்கு நல்ல உதாரணம். மாதிரிகளை எல்லாம் இங்கிலாந்துக்கு வரவழைப்பதற்குப் பதிலாக, இந்தியா, நைஜீரியா, கொலம்பியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளிலேயே வரிசைப்படுத்தும் வசதியை அமைத்தது. இந்தியாவில் பெங்களூரின் கெம்பேகவுடா மருத்துவ நிறுவனம் அதன் மையமாக இருந்தது. மருந்து உற்பத்திக் கழிவு பற்றி இந்திய உயிரித்தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனும் 2020-இல் சேர்ந்து நிதி கொடுத்த திட்டங்களில் ஒன்றில் சென்னை ஐ.ஐ.டி.யும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் அடையாற்றையும் மூசி நதியையும் ஆராய்ந்தன. இரு நாடுகளும் பணம் போடுவதால் பேரத்தில் சமநிலை கூடுகிறது. பட்டான்செரு ஆய்வோடு ஒப்பிட்டால் பதின்மூன்று ஆண்டுகளில் வந்த மாற்றம் சிறியதல்ல.

எந்திரம் வந்தாலும் அதற்குத் தேவையான வேதிப்பொருள்கள் இறக்குமதி ஆகின்றன. பயிற்சி பெற்ற இளைஞர்கள் பெரும்பாலும் திட்ட ஒப்பந்த ஊழியர்கள். நிதி முடிந்த மாதம் அவர்கள் வேலையும் முடிகிறது. சென்னை மையம் நிலைத்ததற்கு ஐ.சி.எம்.ஆர். அதன் சம்பளப் பட்டியலை ஏற்றுக்கொண்டதே காரணம். அந்த ஒரு முடிவைப் பிற்காலக் கூட்டுகள் பெரும்பாலும் எடுப்பதில்லை.

இவை எல்லாம் தாமதம், உயிர்கள் போகின்றன, தரவை உடனே திறந்துவிடுங்கள் என்று வாதிடும் தரப்பும் உண்டு. கிருமி எல்லை பார்ப்பதில்லை என்பது அவர்கள் அடிப்படை, அதில் பிழையில்லை. அவர்கள் விடும் இடைவெளி மருந்தில் இருக்கிறது. திறந்த தரவிலிருந்து உருவாகும் புதிய ஆன்டிபயாடிக், தரவு கொடுத்த ஊரின் அரசு மருத்துவமனைக்கு எப்போது, என்ன விலையில் வரும்? எதிர்த் திசையில் நம்பிக்கை தரும் ஒரு நிகழ்வு சென்னையில் நடந்தது. ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறு ஐரோப்பிய நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து வளர்க்கப்பட்டு, செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்த மருந்தாக 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. கண்டுபிடிப்பவர் இங்கே, சோதனைக்கான பெருநிதி அங்கே என்ற இந்த ஏற்பாட்டில் இந்திய நிறுவனத்துக்குப் பங்கு கிடைத்தது, மருந்தும் இந்தியச் சந்தைக்கு வந்தது. விலை எல்லோருக்கும் எட்டுமா என்பது வேறு விஷயம்.

நாட்டுக்குள் இருக்கும் தூரம்

மேலே கண்ட நிலைப்பாடுகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுக் குறை உண்டு. அவை நாட்டை ஒற்றை ஆளாகப் பார்க்கின்றன. லண்டனுக்கும் டெல்லிக்கும், பர்மிங்காமுக்கும் சென்னைக்கும் இடையே நியாயம் வந்தால் போதும் என்று கொள்கின்றன. டெல்லிக்கும் திருப்பதிக்கும், திருப்பதிக்கும் சித்தூர் மாவட்டத்தின் குப்பம் ஊருக்கும் இடையிலுள்ள தூரம் கணக்கில் வருவதே இல்லை. இந்தக் கட்டுரையின் அழுத்தம் அங்கேதான்.

ஐ.சி.எம்.ஆர். 2013-இல் தொடங்கிய மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பு பெரிதும் பெரிய மருத்துவமனைகளை நம்பியது. வேலூர் சி.எம்.சி. அதன் முக்கிய மையங்களில் ஒன்று. சித்தூர்ப் பக்கத்து நோயாளி ஊர் ஆர்.எம்.பி. வைத்தியர் கொடுத்த ஊசி, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரை, தாலுகா மருத்துவமனை என்று சுற்றிவிட்டு, கடைசியில் வேலூர் போய்ச் சேரும்போதுதான் அவருடைய கிருமி கணக்கில் ஏறுகிறது. அதற்குள் அது பல மருந்துகளைச் சந்தித்துவிட்டிருக்கும். இப்படிச் சேரும் எண்கள் நாட்டின் எதிர்ப்பு நிலையை மிகையாகக் காட்டக்கூடும் என்பது நிபுணர்கள் ஒப்புக்கொள்ளும் குறை. அதே எண்கள்தான் பன்னாட்டு ஒப்பீடுகளுக்கும் போகின்றன.

மாவட்டத்தின் கேள்வியும் வேறாகத்தான் இருக்கும். சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்ணுக்கு இந்த வட்டாரத்தில் இன்னும் எந்த மாத்திரை வேலை செய்கிறது? பலமநேர், புங்கனூர்ப் பக்கம் பசுவின் மடிவீக்கத்துக்கு ஊசி போட்டபின் எத்தனை நாள் பாலை ஊற்றாமல் நிறுத்திவைக்க வேண்டும், அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது? உணவுக்கான கால்நடைகளுக்கு கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடைசெய்த பிறகு கோழித் தீவனத்தில் என்ன மாறியது? கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் செய்யும் வசதி எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று? இவற்றில் எதுவும் பெரிய இதழின் அட்டைக்கு வரும் கேள்வி இல்லை. ஆனால் இவற்றுக்குப் பதில் கிடைத்தால் அடுத்த வாரமே யாருடைய சிகிச்சையாவது மாறும்.

திருப்பதியில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. மனித மருத்துவமும், 2005-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த கால்நடை மருத்துவமும், 2015-இல் வந்த ஐசர் அடிப்படை அறிவியல் நிறுவனமும் ஒரே ஊரில் அமைந்திருப்பது இந்தியாவில் அடிக்கடி கிடைக்காத சேர்க்கை. மனிதர், விலங்கு, சூழல் மூன்றையும் சேர்த்து ஆராய வேண்டும் என்று எல்லாச் செயல்திட்டங்களும் எழுதுகின்றன. கேரளம் 2018-இல் தன் மாநிலத் திட்டத்தை வெளியிட்டது, ஆந்திரமும் பின்னர் தனக்கென்று ஒன்றை வகுத்தது. மாநிலத் திட்டம் இருக்கும்போது, வெளிநாட்டுக் கூட்டாளி எந்தக் கேள்வியோடு வர வேண்டும் என்பதை மாவட்டமே முன்கூட்டிச் சொல்ல வழி பிறக்கிறது. அந்த வழியைப் பயன்படுத்துவதற்கான பணியிடங்களும் பட்ஜெட்டும் அடிமட்டத்தில் இல்லாதவரை அது காகிதத்தில்தான் இருக்கும்.

பணம் நிற்கும்போது

2021 மார்ச்சில் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைக் குறைத்தபோது, அதன் ஆராய்ச்சி நிதி அமைப்பு 12 கோடி பவுண்டு பற்றாக்குறையை அறிவித்தது. கையெழுத்தான திட்டங்களே நடுவழியில் சுருங்கின. மருந்து எதிர்ப்புக் கண்காணிப்புக்கென்றே 2015-இல் 26.5 கோடி பவுண்டில் தொடங்கிய ஃப்ளெமிங் நிதியை முடித்துக்கொள்வதாக 2025-இல் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்க உதவி அமைப்பும் கலைக்கப்பட்டது. எந்த நெறிமுறை ஆவணமும் இந்த நாளுக்குத் தயாராக இல்லை. கூட்டைத் தொடங்கும்போது செய்ய வேண்டியவை பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒரு தரப்பு திடீரென்று விலகினால் மாதிரிகளும் ஊழியரும் என்ன ஆவார்கள் என்பதற்குச் சில வரிகளே உண்டு.

இந்தியப் பக்கத்திலும் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம், அந்தச் சட்டத்தின் கீழ்ப் பணம் பெறும் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடுத்தது. முறைகேட்டைத் தடுப்பது நோக்கமாகச் சொல்லப்பட்டது. நடைமுறையில், பெரிய நகரத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று சித்தூரின் சிறிய மருத்துவமனையையோ கிராம அமைப்பையோ பங்காளியாக வைத்துப் பணத்தில் பங்கு தரும் வழி அடைபட்டது. சிறியவர்கள் மாதிரி சேகரித்துத் தருபவர்களாக மட்டும் எஞ்சும் வாய்ப்பு கூடியது.

தீராதவை

நெறிமுறை, இறையாண்மை, திறன் வளர்ப்பு, திறந்த தரவு என்ற நான்கு நிலைப்பாடுகளில் எதையும் முழுதாகத் தள்ள முடியவில்லை. ஆய்வகமும் சம்பளப் பட்டியலும் உள்ளூரில் நிலைபெற்ற கூட்டுகள் நீண்ட பயன் தந்தன என்பதற்கு வரலாற்றுச் சான்று ஓரளவு வலுவாக இருக்கிறது. நெறிமுறை ஆவணங்கள் தம்மளவில் அதைச் செய்தன என்பதற்குச் சான்று மெலிது. சட்டக் காவல் சுரண்டலைத் தடுத்த அளவு, ஆராய்ச்சியைத் தடுத்த அளவு என்ற இரண்டையும் ஒப்பிட்டு எடைபோட்ட முறையான ஆய்வுகளும் அரிது. நியாயமாக அமைந்த கூட்டு நோயாளிக்கு நல்ல சிகிச்சையாக முடிகிறதா என்பதைப் பத்தாண்டு பொறுத்திருந்து அளக்கும் வழக்கமும் இன்னும் வேரூன்றவில்லை.

வெளிநாட்டுப் பணம் வற்றும்போது டெல்லியின் பணம் அந்த இடத்தை நிரப்பலாம். அப்போது மாவட்டங்களுக்கும் தலைநகருக்கும் இடையிலான உறவு, இதுவரை தலைநகருக்கும் லண்டனுக்கும் இருந்த உறவைப் போலவே அமையுமா என்பதும் திறந்த கேள்விதான்.

இன்னொரு கேள்விக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. 2019-இல் மருந்து எதிர்ப்புள்ள பாக்டீரியாத் தொற்றுகளோடு தொடர்புடைய மரணங்கள் உலகில் 49.5 லட்சம் என்றும், அவற்றில் 12.7 லட்சத்துக்கு அந்த எதிர்ப்பே நேரடிக் காரணம் என்றும் லான்செட் மதிப்பீடு 2022-இல் சொன்னது. தரவு இல்லாத இடங்களைப் புள்ளியியல் மாதிரிகள் நிரப்பின. 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்தில் நாடுகள் அந்த 49.5 லட்சத்தை 2030-க்குள் 10 சதவீதம் குறைப்பதாக உறுதியெடுத்தன. கல்ச்சர் செய்யாமலே காய்ச்சல் என்று எழுதி மூடப்படும் மரணங்கள் சித்தூர் போன்ற மாவட்டங்களில் எத்தனை என்பதை இங்குள்ள ஆய்வகங்கள் எண்ணிச் சொல்லுமா, அல்லது 2030-லும் அந்த எண்ணை வெளியூர்க் கணினி ஒன்று ஊகித்துத் தருமா என்பது இப்போது எடுக்கப்படும் நிதி முடிவுகளைப் பொறுத்தது.